ஹால் சுவருக்கு ஒரு பிணந்தின்னி

என் சகலை மருந்துக்கடை வைத்திருக்கிறான். மாத்திரை வெட்டிக் கொடுக்கிற அந்தக் கைக்குப் போன வருடம்தான் கேமரா வந்தது. நான் ஸ்டுடியோக்காரன், இதுதான் எனக்குச் சோறு. அதனால் மாமனாரின் புது வீட்டு ஹாலில், சோபாவுக்கு மேலே இருந்த பெரிய வெற்றுச் சுவர் யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மீன்கொத்தி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும் படம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். இந்தக் குடும்பத்தில் போட்டோக்காரன் என்றால் அது நான்தான். அந்தப் பேரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

அவன் கொண்டுவந்தது பிணந்தின்னிக் கழுகு. பட்டுப்போன மரத்தின் உச்சியில் இரண்டு இறக்கையையும் விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மொட்டைத் தலை, சுருக்கம் விழுந்த கழுத்து. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இதை யார் ஹாலில் மாட்டுவார்கள்?

மாமனார் இரண்டையும் சோபாவில் சாய்த்துவைத்துப் பார்த்தார்.

"உங்க மீன்கொத்தி அழகாத்தான் இருக்கு மாப்பிள்ளை. அப்படியே காலண்டர்ல வர்ற மாதிரி," என்றார். பிறகு கழுகின் பக்கம் திரும்பியவர் அங்கேயே நின்றுவிட்டார். "இது பாருங்க, யாருக்கும் பயப்படாம உக்காந்திருக்கு. இதையே பெருசா போட்டுடலாம்."

பெரிதாகப் போட்டுக் கொடுக்கிற மிஷின் யாரிடம் இருக்கிறது? என்னிடம்தான். "வீட்டுலயே ஆள் இருக்கும்போது வெளியில எதுக்குப்பா குடுக்கணும்?" என்று என் மனைவி வேறு எடுத்துக்கொடுத்தாள். யாருக்கு வாக்கப்பட்டோம் என்பதே அவளுக்குச் சமயத்தில் மறந்துபோகும்.

ஸ்டுடியோவில் படத்தைப் பெரிதாக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடினேன். ஃபோகஸ் கொஞ்சம் தப்பியிருக்கக் கூடாதா? கருப்பு இறகெல்லாம் ஒரே மொத்தையாகப் போயிருக்கக் கூடாதா? பாவி, இறகு இறகாக எடுத்திருந்தான். கழுகின் கண்ணுக்குள் சூரியன் ஒரு பொட்டாக மின்னியது. வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடுதான் கருப்பு சரியாக வரும்வரை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மோசமாக வந்தால் பிரிண்ட் போட்டவனைத்தானே சொல்வார்கள்.

வீடு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சுவர் முன்னால்தான் நின்றார்கள். மாமனாரின் பழைய மேனேஜர் நேராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானே ஸ்டுடியோ வச்சிருக்கீங்க? உங்க படமெல்லாம் நிறையப் பாத்திருக்கேன் தம்பி. தப்பா நினைக்காதீங்க, அதெல்லாம் சும்மா. இதுதான் படம்!"

நான் எடுக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்திலேயே சகலை, கையில் ஜூஸ் தட்டோடு. அவனே உண்மையைச் சொல்லிவிடட்டும், நாலு பேர் முன்னால் என் மானம் போகட்டும், அப்புறம் ஆயுசுக்கும் அவனை நிம்மதியாக வெறுக்கலாம் என்று காத்து நின்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"ஆமா சார், அண்ணன் கைவண்ணம்தான்," என்று அவருக்கு ஒரு டம்ளரை நீட்டினான்.

அவர் நகர்ந்ததும் எனக்கும் ஒன்று நீட்டினான். "குடிங்கண்ணா. நீங்க போட்ட பிரிண்ட்ல பாத்தப்புறம்தான் இந்தப் படம் எனக்கே பிடிச்சுது."

குத்தலாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை விட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவன் மனதாரச் சொன்னான். இப்படிப் படம் எடுக்கிறவன் நல்லவனாகவும் இருந்து தொலைத்தால், நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?