சேர்ந்து நிற்கும் பெயர்கள்

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தபோது பூச்சியியலாளருக்குக் கழுத்து மரத்துப்போயிருந்தது. சிறு காகித அட்டையின் நுனியில் ஒட்டியிருந்த, ரோவ் வகை வண்டு அரிசிமணியில் பாதிகூடத் தேறாது. அந்த வகைக்கே மேலிறக்கை குட்டை. மிச்ச வயிறு வெளியே நீண்டிருக்கும், சட்டை பத்தாமல் வளர்ந்துவிட்ட பிள்ளையைப் போல. இதுவரை யாரும் விவரித்து எழுதாத புது இனம். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் தலை அகலம், கழுத்து நீளம், காலில் முளைத்த மயிர் என்று மாதக்கணக்கில் அளந்து வரைந்ததில், சந்தோஷம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

வண்டைப் பிடித்தது அவர் மனைவி. மனைவியாக இருந்தவள். இருவரும் கடைசியாகச் சேர்ந்து போன காட்டில், ஓடையோரம் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சருகு சலித்தபோது அவள் சல்லடையில் விழுந்தது. அந்த வருஷமே பிரிந்துவிட்டார்கள். இதே அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவள், வேறொன்றுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். கட்டுரையை முடிக்க இன்று வந்திருந்தாள்.

வந்தவள் நலம் விசாரிக்கவில்லை. படங்களைப் புரட்டி, உணர்கொம்பின் கடைசிக் கணு தடித்துவிட்டது என்றாள். அவர் மல்லுக்கு நின்றார். பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. பேசாமல் அழித்துத் திருத்தினார். சண்டை போடவும் தெம்பு வேண்டுமே.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். கட்டுரையில் தன் பெயர் வேண்டாம் என்றாள். புது இனத்துக்கு வைக்கிற பெயருக்குப் பின்னால், அதை விவரித்தவர்கள் பெயரும் ஒட்டிக்கொண்டே வரும். இனி எந்தக் காலத்திலும் யாராலும் பிரிக்க முடியாது.

"கோர்ட்டுல பிரிச்சு விட்டுட்டாங்க. வண்டுல போய்ச் சேர்ந்து நிக்கணுமா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது.

"நீ பிடிச்சது," என்றார். "வேணும்னா என் பேரை எடுத்துடு. நீ மட்டும் போட்டுக்கோ."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மேசை முழுக்க அவர் வரைந்த படங்கள். நாற்காலியை இழுத்து, நுண்ணோக்கியில் குனிந்தாள். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தாள். காட்சியைத் தெளிவாக்கும் திருகைத் திருப்புவதும் நிறுத்துவதுமாக அவள் விரல்கள் மட்டும் அசைந்தன.

"வண்டுக்கு அந்த ஓடையோட பேரை வைங்க," என்று எழுந்தாள். "மத்ததை யோசிச்சுச் சொல்றேன்."

கதவு சாத்திக்கொண்டது. அவர் குனிந்து பார்த்தார். எல்லாம் அவள் கண்ணுக்கு ஏற்றபடி வைக்கப்பட்டிருந்தது. அவருக்கு ஒரு பழுப்புக் கலங்கல்தான் தெரிந்தது. கை தன்னால் திருகுக்குப் போனது. அதைத் திருப்பாமல், அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.