பத்தில் சத்தம், நூற்றெண்பதில் மௌனம்

எங்கள் வீட்டில் வேகம் என்னுடையது. சத்தம் என் கணவருடையது. கல்யாணப் பத்திரிகையிலேயே அப்படித்தான் அச்சிட்டிருந்தார்கள்.

என் பெயர் மயிலாவதி. கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கணவர் பொன்னுரங்கம் வெட் கிரைண்டர் கம்பெனியில் இருக்கிறார். ஓடுகிற கிரைண்டரின் மேல் காதை வைத்துக் கேட்பது அவர் வேலை. நன்றாக இருந்தால் தலையாட்டுவார். அதன்பிறகுதான் அதைப் பெட்டியில் போடுவார்கள்.

மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் போனால் அவருக்குப் பயம். சத்தம் கேட்டால் எனக்குத் தலைவலி. இருபத்தாறு வருடம் நன்றாகத்தான் இருந்தோம். பிறகு இரண்டு பேரும் ஆசைப்பட்டு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினோம்.

கார் செவ்வாய்க்கிழமை வந்தது. அதன் சத்தம் வெள்ளிக்கிழமை தனி வண்டியில் வந்தது. நான்கு பேர் இறக்கிவைத்தார்கள். கணவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

காரில் மூன்று மோட்கள். சுகம், ஸ்போர்ட், ரேஸ். ஒரு திருகைத் திருப்பினால் மாறும். சைலன்சருக்குத் தனியாக ஒரு பொத்தான். சைலன்சருக்குள் சின்னக் கதவு ஒன்று இருந்தது. கதவு மூடினால் சத்தம் அடங்கும். திறந்தால் வெளியே வரும்.

ஆனால் கதவு மோடின் பேச்சைத்தான் கேட்டது. சுகத்தில் வைத்தால் தானாக மூடிக்கொண்டது. பொத்தானை அழுத்தினால் பாதி திறந்தது. ரேஸில் வைத்தால் முழுவதும் திறந்துகொண்டது. அப்போது பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அது கண்டுகொள்ளவில்லை. வண்டியை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தால் எல்லாம் சுகத்துக்குத் திரும்பிவிடும், எதுவுமே நடக்காதது போல.

ஆகவே நான் வேகமாகப் போனால் எனக்குத் தலைவலி வந்தது. அவர் மெதுவாகப் போனால் அவருக்குப் பாதிச் சத்தம்தான் கிடைத்தது.

மற்றபடி நல்ல கார். சுகத்தில் வைத்தால் தெரு மெத்தென்று ஆகும். குழிகள் தாமாக நிரம்பும். ஸ்போர்ட்டில் வைத்தால் சாய்ந்த மின்கம்பங்கள் நிமிர்ந்து நிற்கும். அப்படியே மிதியிலிருந்து காலை எடுத்தால் பின்னால் சைலன்சர் பட்பட்டென்று வெடிக்கும். கொடியில் காயும் சட்டைகள் கைதட்டும். ரேஸில் வைத்தால் பொள்ளாச்சி எங்கள் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிடும்.

எதிர்வீட்டு வெள்ளியங்கிரி அண்ணனுக்குத்தான் பிடிக்கவில்லை. கணவர் தினமும் மாலை பாதிச் சத்தத்தோடு தெருவைக் கடக்க இருபது நிமிடம் எடுத்துக்கொள்வார். அண்ணன் கேட்டருகே நின்று பார்ப்பார்.

“சீக்கிரம் போனாலாவது சீக்கிரம் முடியும்ல?” என்றார் ஒருநாள்.

“முடியக்கூடாதுன்னுதானுங்க மெதுவாப் போறேன்,” என்றார் கணவர்.

மறுநாள் அண்ணன் வேகத்தடையாகிவிட்டார். தெருவின் குறுக்கே மஞ்சளும் வெள்ளையுமாகப் படுத்திருந்தார். அவர் மனைவி பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் ஓரமாக ஏற்றி இறக்கினேன்.

“பாத்து ஏறு, அம்மிணி,” என்றார் அண்ணன். “அடியில தட்டிரப் போகுது.”

அந்த ஞாயிற்றுக்கிழமை கிணத்துக்கடவு தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. சாலை காலியாக இருந்தது. நான் திருகை ரேஸுக்குத் திருப்பினேன். அதே நேரம் அவர் பொத்தானை அழுத்தினார். கார் நின்றுவிட்டது.

திரையில் ஒரு கேள்வி வந்தது. நீங்கள் இரண்டு பேரா?

கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அவர் ஆம் என்பதை அழுத்தினார். நான் இல்லை என்பதை அழுத்தினேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஓட்டுநர் விரும்பினால் வேகத்தையும் சத்தத்தையும் பிரித்துக்கொள்ளலாம் என்று திரை சொன்னது. அதற்குத் தனித்தனி என்று நான்காவது மோட் உண்டாம். அதைத் திறக்கச் சான்றிதழ் வேண்டும். விலாசமும் கொடுத்திருந்தது.

திங்கட்கிழமை இரண்டு பேரும் விடுப்புப் போட்டோம்.

பிரிப்பு அலுவலகம் இரண்டாம் மாடியில் இருந்தது. நீளமான நடைவழி. நான் வேகமாக நடந்தேன். நடை இன்னும் நீண்டது. ஓடினேன். கடைசிக் கதவு புள்ளியாகிவிட்டது. கணவர் பின்னால் ஆற அமர வந்தார். என்னைக் கடந்து போய்க் கதவைத் தட்டினார்.

உள்ளே பிலோமினா என்ற அம்மாள் இருந்தார். மேஜை மேல் ஒரு முத்திரை இருந்தது. நிமிராமலே கேட்டார்.

“யாரு யாரை விட்டுப் பிரியணும்?”

“வேகம், சத்தத்தை விட்டு,” என்றேன்.

“எத்தனை வருஷமா சேந்து இருக்காங்க?”

“மூணு மாசம்.”

“கார் இல்லைம்மா. நீங்க.”

“இருபத்தாறு வருஷம்.”

இருபத்தாறு வருடம் மூன்று மாதம் என்று எழுதிக்கொண்டார்.

“சத்தம் யாரு?”

கணவர் கையைத் தூக்கினார். “நானுங்க.”

“செஞ்சு காட்டுங்க.”

அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். கண்ணை மூடினார். முதலில் நின்ற இடத்தில் மெல்ல உறுமினார். பிறகு ஏறினார். எஞ்சின் போல மூவாயிரம் சுற்று, நாலாயிரம் சுற்று. அலமாரியில் கோப்புகள் படபடத்தன. உச்சியில் ஒரு கணம் நின்றார். காலை எடுத்தார். பட், பட்பட், பட். ஜன்னலுக்கு வெளியே இரண்டு புறாக்கள் திரும்பிப் பார்த்தன.

இருபத்தாறு வருடத்தில் அவர் இப்படிச் செய்து நான் கேட்டதில்லை. எனக்குத் தலைவலி வரவில்லை. இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அந்த அம்மாள் என் பக்கம் திரும்பிவிட்டார்.

“வேகம்?”

நான் சேலையைச் செருகிக்கொண்டு நடைக்குப் போனேன். கடைசிச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நான் ஓட ஓட நடை நீண்டது. விடவில்லை. அது மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. சுவரைத் தொட்டேன். திரும்பி வந்தபோது கணவர் கதவருகே நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“மயிலா,” என்றார். “நீ ஓடி நான் பாத்ததே இல்ல. நீ எப்பவும் போனப்புறந்தான் நான் வருவேன்.”

பிலோமினா அம்மாள் முத்திரையை எடுத்தார்.

“பிரிச்சுக் குடுத்துருவேன். மறுபடி எப்ப சேரும்னு எங்களால சொல்ல முடியாது. சேராமயும் போகலாம். சம்மதமா?”

கணவர் என்னைப் பார்த்தார். நான் முத்திரையைப் பார்த்தேன். வேண்டாம் என்று யாராவது சொன்னால் தேவலை போலிருந்தது. யாரும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டோம். அவர் கையெழுத்தைப் போட்டு முடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று.

மறுநாள் காலை வால்பாறைக்குக் கிளம்பினோம். ஆழியாறு வரை சுகத்திலேயே போனோம். அணை தாண்டி, மலை ஏறும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டினேன். மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள்.

திருகை நான்காவது இடத்துக்குத் திருப்பினேன். திரை இரண்டாகப் பிரிந்தது. என் பாதியில் வேகம் ரேஸ், சத்தம் பூஜ்யம் என்று வைத்தேன். அவர் தன் பாதியில் வேகம் சுகம், சத்தம் முழுவதும் என்று வைத்தார்.

“பெல்ட்டுப் போட்டுட்டீங்களா?” என்றேன்.

“போட்டுட்டேன். நீ பதனமாப் போ.”

நீ போ என்றார். நாம் போவோம் என்று சொல்லவில்லை. அதை நான் கவனிப்பதற்குள் மிதித்துவிட்டேன்.

கார் போய்விட்டது. நானும் போய்விட்டேன். பக்கத்து இருக்கையில் பெல்ட் மாட்டியபடி இருந்தது. அதற்குள் ஆள் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். அவர் சாலையோரத்தில் காற்றின் மேல் உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் இருந்தன. அவரைச் சுற்றிப் புழுதி அதிர்ந்தது. சத்தம் முழுவதும் அவரிடம் நின்றுவிட்டது.

நிறுத்தலாம் என்று நினைத்தேன். ஆனால் முதல் வளைவு வந்துவிட்டது.

வாழ்நாள் முழுக்க நான் கேட்டது இதைத்தான். நேர்ச்சாலையில் முள் நூற்றெண்பதைத் தொட்டது. ஒரு துளி ஓசை இல்லை. மலை பக்கவாட்டில் வழிந்து போனது. வளைவுகள் ஒவ்வொன்றாக என் கைக்குள் வந்து திரும்பிக்கொண்டன. வழிவிட்ட லாரிகள் இலைபோல ஒதுங்கின. ஒன்பதாவது வளைவில் வரையாடு ஒன்று பாறை மேல் நின்று என் நேரத்தைக் குறித்துக்கொண்டது. நான் சிரித்தேன். வாய் வலிக்கும் அளவு சிரித்தேன். என் சிரிப்பு எனக்குக் கேட்கவில்லை.

நாற்பதாவது வளைவில் ஒரு டீக்கடை. நிறுத்தினேன். என் ஸ்டாப்வாட்ச் ஏழு நிமிடம் என்றது. இப்படி யாரும் ஏறியிருக்க முடியாது. சொல்லிக்கொள்ள ஆளைத் தேடினேன்.

அங்கே எதற்கும் சத்தமில்லை. டீக்கடைக்காரர் டீயை உயரத்திலிருந்து ஆற்றினார். அது பஞ்சுபோல விழுந்தது. குருவிகள் வாயைத் திறந்து மூடின. பாறையில் நீர் வழிந்தது, ஓவியத்தில் வழிவது போல.

கடைக்காரர் உதடு அசைத்தார். பிறகு ஒரு விரலைக் காட்டினார். பிறகு இரண்டு விரலைக் காட்டினார். எத்தனை?

சேராமலும் போகலாம் என்று அந்த அம்மாள் சொன்னது ஞாபகம் வந்தது. நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

அவர் இரண்டு தம்ளரில் ஊற்றினார். ஒன்றின் மேல் தட்டைக் கவிழ்த்து மூடினார். நான் விளிம்புக்கல்லில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. என் டீயைக் குடிக்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட நான் காத்திருந்ததில்லை. எப்படி உட்காருவது என்றே தெரியவில்லை. காலை மாற்றி மாற்றிப் போட்டேன்.

பிறகு கீழே, மிகவும் கீழே, டுர்ர்ர் என்றது.

எழுந்து நின்றேன்.

அது பதினெட்டாவது வளைவில் திரும்பியது. அடுத்ததில் கொஞ்சம் தடித்தது. ஒவ்வொரு வளைவிலும் காலை எடுத்தார் போலும், பட்பட்டென்று சிதறி எதிர்மலையில் பட்டுத் திரும்பியது. அது ஏற ஏற மற்றதெல்லாம் கூடவே ஏறி வந்தது. முதலில் தண்ணீர் சலசலத்தது. பிறகு குருவிகள். பிறகு ஸ்டவ் உஸ்ஸென்றது.

“எத்தனைன்னு கேட்டேனுங்க,” என்றார் கடைக்காரர். “இப்பத்தான் வெளிய வருது.”

“ரெண்டு,” என்றேன். என் குரல் நன்றாக இருந்தது.

கணவர் நாற்பதாவது வளைவில் தெரிந்தபோது மணி பன்னிரண்டு. முதுகை நேராக வைத்து, பத்து கிலோமீட்டரில், காற்றின் மேல் உட்கார்ந்து வந்தார். பின்னால் இரண்டு பேருந்துகள், ஒரு பால் வண்டி, ஆறு வரையாடுகள். யாரும் முந்தவில்லை. பயணிகள் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு ஓட்டுநர் அழுதுகொண்டிருந்தார். சந்தோஷமாகத்தான்.

கணவர் இறங்கினார். சத்தம் பக்கத்தில் நின்று மெல்ல உறுமியது.

“ரொம்ப நேரமா நிக்கிறயா?”

“இப்பத்தான் வந்தேனுங்க,” என்றேன். பிறகு, “இல்லீங்க. ரொம்ப நேரமா,” என்றேன்.

தட்டை எடுத்து டீயைக் கொடுத்தேன். சூடாகவே இருந்தது. அவர் ஒரு வாய் குடித்தார்.

“இருபத்திமூணாவது வளைவு கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. அங்க ரெண்டு தடவை காலை எடுத்தீங்க.”

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். எங்கேயோ பார்த்தார்.

“தலை வலிக்கலயா?”

“இல்லீங்க. நேத்து ஆபீஸ்லயே வலிக்கல. சொல்ல நேரமில்லாமப் போச்சு.”

“நீ போனது எனக்குத் தெரிஞ்சுது,” என்றார் அவர். “கண்ணு சிமிட்டல. முழுசாப் பாத்தேன். பயமே வரல.”

பேருந்துக்காரர்கள் இறங்கி டீ சொன்னார்கள். வரையாடுகள் நிழலுக்குப் போயின.

நான் கார்க் கதவைத் திறந்தேன். பக்கத்து இருக்கையின் பெல்ட்டைக் கழற்றிப் பிடித்துக்கொண்டேன். அவர் உட்கார்ந்தார். சத்தம் பின்னால் ஏறிக்கொண்டது. திரையை இரண்டு பேரும் பார்க்கவில்லை. நான் மிக மெல்ல மிதித்தேன். பத்தில் இறங்கினோம். சைலன்சர் முழுவதும் திறந்திருந்தது. நான் காலை எடுக்கும்போதெல்லாம் அவர் தலையாட்டினார்.

பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டே வந்தன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

முப்பத்தைந்தாவது வளைவு தாண்டியதும் அவர் தொண்டையைச் செருமினார்.

“ஏன் மயிலா, கொஞ்சம் வேகமாப் போலாமா?”

“எவ்வளவுங்க?”

அவர் யோசித்தார். ஒரு வளைவு முழுக்க யோசித்தார்.

“பன்னெண்டு.”

பன்னிரண்டில் போனோம். அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றைப் பிடித்து, அதன் வேகத்துக்கு ஈடாகக் கத்தினார்.