நாற்பது தொட்டிகளும் ஒரு முருங்கையிலை வறையும்

1.

இந்தக் கதைக்கு மூலம் ஓர் அறிக்கை வசனம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். "மழைநீர்த் தொட்டி வழங்கப்பட்டதால் பிள்ளைகளின் பள்ளி வரவு அதிகரித்தது." எங்கோ இப்படி ஒன்றைப் படித்தேன். எழுதியவர் யாரென்று தெரியாது. நானாகவே ஒரு பெண்ணை உண்டாக்கி, பைரவி என்று பெயர் வைத்து, தீவுப் பகுதியில் குடியேற்றினேன்.

முதல் தொடக்கம்: "பைரவி வேண்டுமென்றே ஒரு பொய்யை..."

இல்லை. அவள் பொய் சொல்லவில்லை. பிழை விட்டாள். பிழை விடுகிறவர்களைப் பற்றி எழுதத்தான் எனக்குப் பிடிக்கும். மறுபடி தொடங்குகிறேன்.

2.

பைரவிக்கு முப்பத்தைந்து வயது. நயினாதீவில் பிறந்தவள். ஊர்காவற்றுறையில் உள்ள ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஆய்வு செய்தாள். அந்த நிறுவனம் புங்குடுதீவின் மடத்துவெளியில் நாற்பது வீடுகளுக்கு மழைநீர்த் தொட்டி கட்டிக் கொடுத்திருந்தது. அதற்கு முன் அந்த வீட்டுப் பிள்ளைகள் இருபது பள்ளி நாட்களில் பதினான்கு நாள்தான் வந்தார்கள். ஒன்றரை வருடம் கழித்துப் பதினெட்டு நாள். பைரவிக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. அறிக்கையை எழுதிப் பணிப்பாளர் தில்லைநாதனிடம் கொடுத்துவிட்டாள். அடுத்த மாதக் கூட்டத்தில் அதைக் காட்டித்தான் நயினாதீவுக்கு இன்னும் நாற்பது தொட்டி கேட்பதாக இருந்தது. அங்கே அவளுடைய அக்கா கோபிகா நாளுக்கு இரண்டு தடவை குடத்தோடு நடக்கிறாள்.

(இந்த அக்கா கதையின் இரண்டாவது வரைவில்தான் வந்தாள். வந்த பிறகு பைரவிக்கு நித்திரை குறைந்துவிட்டது. மன்னிக்கவும்.)

3.

அறிக்கை கொடுத்த பிறகுதான் அவளுக்கு ஒரு கேள்வி எழுந்தது. தொட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகள்? அவர்களுடைய வரவை அவள் பார்க்கவே இல்லை.

அடுத்த நாள் காலை மடத்துவெளிப் பள்ளிக்கூடம் போய், பிள்ளைகளின் வரவைக் குறிக்கிற இடாப்பை வாங்கிப் புரட்டினாள். முன்பு பதினான்கு. இப்போது பதினெட்டு. தொட்டி கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் ஒரே அளவு.

அந்த இடத்தில் அவளை எழுப்பிக் கடற்கரைக்கு நடக்க வைத்து, அலைகளைப் பார்த்து... வேண்டாம். உண்மையில் அவளுக்குப் பசித்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று காலைச் சாப்பாடு வாங்கிக்கொண்டிருந்தார்கள். சமைக்கிற சீதேவி அவளுக்கும் ஒரு கோப்பையில் சோறும் பருப்பும் தேங்காய்ப்பூப் போட்டு வறுத்த முருங்கையிலை வறையும் போட்டுக் கொடுத்தாள்.

"ஏன் தங்கச்சி முகம் வாடிக்கிடக்கு? முதலிலை சாப்பிடுங்கோ."

"தொட்டி இல்லாத வீட்டுப் பிள்ளையளும் நல்லா வருகினம் அக்கா."

"வராமல்? முந்திச் சமைச்ச சாப்பாட்டைப் பிள்ளையள் வாயிலை வைக்கேல்லை. நான் வந்து ஒன்றரை வருசம். இப்ப சட்டியிலை ஒண்டும் மிஞ்சிறேல்லை."

பைரவி கையிலிருந்த சோறு அப்படியே நின்றது.

"முந்தி நீங்கள் ஏன் சமைக்க வரேல்லை?"

"எப்பிடி வாறது? விடியத் தண்ணிக்குப் போனால் வீடு திரும்ப எட்டு மணி. இப்ப தொட்டி எங்கட வீட்டு முத்தத்திலை நிக்குது."

பைரவி சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள்.

4.

கதையை இங்கே முடித்திருக்கலாம். ஒரு தொட்டி ஒரு பெண்ணின் காலை நேரத்தை விடுவித்தது. அந்தக் காலை ஒரு பள்ளிக்கூடத்துக்கே சோறு போட்டது. தொட்டி இல்லாத பிள்ளையும் தொட்டியின் பலனைத்தான் சாப்பிட்டது. ஆகவே இரு பக்கத்தையும் ஒப்பிட்டு "தொட்டியால் பயனில்லை" என்று சொன்னால் அதுவும் பிழை. எவ்வளவு அழகான முடிவு!

ஆனால் சீதேவி கோப்பையைக் கழுவிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள்.

"என்ரை கடைசிப் பிள்ளையும் அந்த வருசம்தான் இஞ்சை சேர்ந்தவள். அவளுக்காகத் தொட்டி இல்லாட்டிலும் வந்திருப்பனோ... தெரியாது தங்கச்சி."

சீதேவிக்கே தெரியாததை எழுதும் உரிமை எனக்கு இல்லை. பைரவிக்கும் இல்லை.

5.

ஊர்காவற்றுறையில் தில்லைநாதன் கதிரையில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"பைரவி, நீர் நயினாதீவு ஆள். உம்மட அக்காவே தண்ணி சுமக்கிறா. எழுதினதை ஏன் இப்ப கிண்டுறீர்?"

"அக்கா சுமக்கிறபடியால்தான் சேர் எனக்கு அந்த முடிவு அவ்வளவு பிடிச்சது. திருப்பிப் பார்க்காமல் விட்டிட்டன்."

அவள் புதிய பக்கத்தை நீட்டினாள். பள்ளி வரவு கூடியதற்குத் தொட்டிதான் காரணம் என்று இந்தத் தரவுகளைக் கொண்டு சொல்ல முடியாது என்று அதில் இருந்தது. சீதேவியின் கதை ஒரு சாத்தியமாக மட்டும் இருந்தது. அதன் கீழே: தொட்டி கிடைத்த நாற்பது வீட்டுப் பெண்களும் தண்ணீருக்கு நடப்பதை விட்டுவிட்டார்கள், அதே ஊர் ஒழுங்கைகளில் தொட்டி இல்லாத வீட்டுப் பெண்கள் இன்றும் நடக்கிறார்கள்.

தில்லைநாதன் இரண்டு தரம் வாசித்தார்.

"முந்தினதிலும் பார்க்கச் சின்னதாக் கிடக்கே."

"ஓம் சேர். ஆனா ஆரும் தட்டினால் விழாது."

அவர் பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார். அன்றைக்கு அவள் குறிகட்டுவானில் படகேறி அக்கா வீட்டுக்குப் போனாள். செய்ததைச் சொன்னாள். கோபிகா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "தண்ணி கேக்கிறதுக்கு நாங்கள் நடக்கிறது போதாதோ?" என்றாள். பைரவிக்கு மனசு லேசாகிவிட்டது.

6.

ஐப்பசி மழைக்கு முன் நயினாதீவுக்கு நாற்பது தொட்டிகள் வந்தன. அது நடந்ததாகவே சொல்லிவிடுகிறேன். ஏன் வந்தன என்பதில்தான் என் பேனை நிற்கிறது.

(அ) பைரவியின் நேர்மை கூட்டத்தில் இருந்தவர்களை அசைத்தது.

(ஆ) நயினாதீவின் பெயர் முன்பே பட்டியலில் இருந்தது. அறிக்கையை யாரும் திறக்கவே இல்லை.

(இ) கூட்டத்தில் ஒருவருக்கு...

முதலாவதைத்தான் நீங்கள் விரும்புவீர்கள். நானும்தான். ஆனால் அவள் பழைய வசனத்தை மாற்றாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க என்னிடம் இன்னொரு பைரவி இல்லை, இன்னொரு நயினாதீவும் இல்லை.

ஆகவே முடிவை நீங்களே தெரிவு செய்யுங்கள். கவனமாகச் செய்யுங்கள். எந்தக் காரணத்தைச் சொன்னாலும், "எதோடை ஒப்பிட்டுப் பார்த்தனீங்கள்?" என்று அவள் கேட்பாள்.