பெரிய பைக்கில் மூன்று பேர்

சுனாமிக்குப் பிறகு, மட்டக்களப்புக்கு வடக்கே கடலோரத்துக் கதிரவெளிக்கு வராத சாமான் இல்லை. இந்த வெக்கையில் யார் போடுவது என்று ஒரு யோசனையும் இல்லாமல் கம்பளிச் சட்டைகூட வந்தது. அப்படித்தான் ஓர் உதவி நிறுவனத்தின் கொட்டிலுக்கு இரண்டு மோட்டார் சைக்கிள்களும் வந்தன.

அங்கே வேலை செய்த உதயரூபன், மகள் அஜந்தாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பான். சின்னது டிரெயில் பைக். பாரமில்லை, சேற்றைக் கவ்வும் பல் வைத்த டயர், சேற்றில் விழுந்தாலும் ஒற்றை ஆளாய்த் தூக்கி எடுக்கலாம். ஆனால் சீட் ஒரு முழம், இரண்டு பேருக்கே நெருக்கம். பெரியது தூரப் பயணத்துக்கு. பெரிய டாங்கி, கட்டில் மாதிரி சீட், பின்னால் சாய்ந்துகொள்ள ஒரு பெட்டி. நல்ல ரோட்டில் ராசா. புதைந்தால் அவ்வளவுதான். ரோடே இல்லாத ஊருக்கு அதை அனுப்பிய புண்ணியவான் யாரோ!

இரண்டாயிரத்தாறு மாரியில் சண்டை மூண்டது. நிறுவனக்காரர் போய்விட்டார்கள், பைக்குகளும் சனமும் மிஞ்சின. அந்த நேரம் பார்த்தா உதயரூபனின் மனைவி, வயிற்றுப்பிள்ளைக்காரி கேதீஸ்வரிக்கு இரத்தம் போக வேண்டும்? பெரிய ரோட்டை அடைத்துவிட்டார்கள். மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குப் போவதென்றால் காட்டுக்குள்ளாலும் உப்புநீர்க் களப்போரச் சேற்றாலும்தான் போக வேண்டும்.

உதயரூபன் சின்னதைத்தான் உதைத்து ஸ்டார்ட் செய்தான். மகளைப் பக்கத்து வளவு அன்னப்பூரணி நடத்திக் கூட்டி வருவதாக ஏற்பாடு. மனைவி ஏற மாட்டேன் என்றாள். சுனாமியன்று மூத்தவனை இப்படித்தான் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போயிருந்தாள்.

"இன்னொருக்கா புள்ளய ஆரிட்டயும் குடுக்க மாட்டன். பெரிசுல மூணு பேரும் போவம்."

பெரியது அந்தச் சேற்றைத் தாண்டாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், மூத்தவனை நினைத்துப் பெரியதையே வெளியே எடுத்தான்.

களப்போரத்தில் பின் டயர் அச்சுவரை இறங்கியது. மூட்டை முடிச்சோடு போன சனம் தள்ளிப் பார்த்தது. அசையவே இல்லை. ஷெல் சத்தம் கிட்ட வரவர ஒவ்வொருவராய்க் கையை எடுத்துக்கொண்டு போனார்கள். பொழுது சாய்கையில் கேதீஸ்வரி அந்தப் பெட்டியில் சாய்ந்தபடியே கண்ணை மூடினாள். அதே வழியால் நடந்த அன்னப்பூரணி தன் பிள்ளைகளோடு பத்திரமாய் மட்டக்களப்புக்குப் போய்விட்டாள்.

யுத்தம் முடிந்தது. ரோட்டுக்கு வழவழவென்று தார்க் கார்ப்பெட் போட்டார்கள். மாங்கேணியில் உதயரூபன் போட்டிருந்த பைக் திருத்தும் கடைக்கு முன்னால் கொழும்புப் பொடியன்கள் அதே மாதிரிப் பெரிய பைக்குகளில் வழுக்கிக்கொண்டு போனார்கள். அஜந்தா அவை மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்டைக்கு என்னை அன்னப்பூரணி மாமியோட விட்டுட்டுச் சின்னதுல போயிருந்தா, அம்மா இரிப்பாவா அப்பா?"

"இல்ல மகள். அதுவும் புதைஞ்சிருக்கும்."

வித்தியாசத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வாயால்தான் சொன்னான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஓம் அப்பா," என்றாள், நம்பியவள் போல.