எல்லாப் பதிவுகளும் பத்திரம்

அக்காவை முதல் முறை நோய் கொண்டுபோனது. இரண்டாம் முறை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, அவனே ஒரு வரி அடித்து அனுப்பிவைத்தான்.

திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்றில் பழைய சர்வர், மற்றதில் புதியது. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, பதினாலு வருஷமாகத் தான் நடத்தி வந்த இணையக் குழுவைப் பழையதிலிருந்து புதியதற்குக் குடிமாற்றிக்கொண்டிருந்தான். சோதனைக்காகப் புதியதில் உறுப்பினர் பட்டியலை மட்டும் ஏற்றிப் பார்த்தாயிற்று. அதை அழித்துவிட்டுச் சுத்தமாக ஆரம்பிக்கலாம் என்று கட்டளையை அடித்து எண்டரைத் தட்டினான். 'முடிந்தது' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் ஜன்னலின் தலைப்பைப் பார்த்தான். அது பழையது.

முதல் ஒரு நிமிடம் அவன் பதறவில்லை. பேக்கப் இருக்கிறதே. தினமும் காலை ஆறு மணிக்கு எல்லாவற்றையும் ஒரு கோப்பாகக் கட்டி வைத்துவிட்டு, 'பேக்கப் வெற்றி' என்று மின்னஞ்சல் அனுப்பும் ஒரு சின்ன நிரலை அவனே எழுதியிருந்தான். அந்த மின்னஞ்சல்களை அவன் திறப்பதில்லை. திறக்க என்ன இருக்கிறது, வெற்றிதானே.

அன்றைய கோப்பைத் திறந்தான். காலி. முந்தைய நாளுடையதும் காலி. முப்பது நாள் கோப்புகளும் வரிசையாகக் காலி.

நிரலைத் திறந்து பார்த்தபோது காரணம் புரிந்தது. இரண்டரை வருஷத்துக்கு முன் கடவுச்சொல்லை மாற்றியிருந்தான். பேக்கப் நிரலுக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டான். அன்று முதல் அது தினமும் பூட்டிய கதவு வரை போய், வெறும் டப்பாவை மூடி முத்திரை வைத்து, 'வெற்றி' என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. முப்பது நாள் தாண்டிய கோப்புகளை அதுவே அழித்துவிடும். அப்படித்தான் நல்லவையெல்லாம் எப்போதோ போயிருந்தன.

மிச்சமிருந்தது புதிய சர்வரில் மூவாயிரம் பேரின் பெயரும் முகவரியும். அவர்கள் எழுதியதில் ஓர் எழுத்துகூட இல்லை.

குழுவின் பெயர் 'துணைக்கு யார்?'. அம்மா நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நர்ஸ்கள் மணிக்கொரு தரம் கேட்ட கேள்வி அது. பகலில் அக்காவும் இரவில் அவனும் மாறி மாறிக் கட்டிலருகே இருந்தார்கள். வார்டில் நோயாளியைப் பார்க்க ஆள் இருந்தது. கூட இருப்பவர்களைப் பார்க்கத்தான் யாருமில்லை. அம்மா போன பிறகு, படுக்கையில் விழுந்தவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அவன் இந்தத் தளத்தைக் கட்டினான். சொந்தப் பெயர் வேண்டாம் என்பது ஏற்பாடு. அவன் 'ராத்திரி டூட்டி'. அக்கா 'பகல் டூட்டி'. உடைந்ததையெல்லாம் அவனே ஒட்டுவதால் நாளடைவில் எல்லோரும் அவனை 'மேஸ்திரி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வயிற்றுப்பாட்டுக்கு ஒரு கம்பெனியில் கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் தளம் கட்டிக்கொடுத்தான். கூடச் சேர்ந்தவர்கள் மேலாளர்களாகி, கண்ணாடி அறைகளுக்குள் போனார்கள். அவன் வாசலோரம் அதே நாற்காலியில் இருந்தான். "உன் தளத்தை வித்துட்டு உருப்படு" என்று சொன்னவர்களும் உண்டு. அவனுக்கு அது விற்கிற பொருளாகத் தோன்றவே இல்லை.

கட்டியவன் அவன் என்றாலும் அதற்கு உயிர் கொடுத்தவள் அக்கா. புதிதாக யார் வந்தாலும் முதலில் நோயைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். 'நீங்க சாப்பிட்டீங்களா?' என்றுதான் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்கே பலர் அழுதுவிட்டதாகப் பிறகு எழுதினார்கள். ஆயிரக்கணக்கான பதில்களை அவள் எழுதினாள். மூன்று வருஷம் முன்பு, தானே படுக்கையில் விழுந்த கடைசி வாரத்திலும் எழுதினாள்.

அவள் கணவர், அவனுடைய அத்தான், பஸ் டிரைவர். பணிமனையில் டீ குடிக்கும் நேரத்தில் தினமும் அவள் பதில் ஒன்றைப் படிப்பார். ஒன்றுக்கு மேல் படிக்க மாட்டார். தீர்ந்துவிடுமாம்.

செவ்வாய் மதியம், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்யும் அவன் மனைவி சாப்பிட வீட்டுக்கு வந்தாள். அவன் தட்டைத் தொடவில்லை. நடந்ததைக் கேட்டாள். பிறகு தன் போனில் தளத்தைத் திறந்து பார்த்தாள்.

"என்ன போட்டு வச்சிருக்கீங்க இதுல?"

"சும்மா. இடம் மாத்துறோம்னு."

"'சில நாளில் திரும்பி வருவோம். எல்லாப் பதிவுகளும் பத்திரம்'னு இருக்கு. பத்திரமா?"

"தேடிட்டிருக்கேன்ல. கிடைச்சுட்டா எதுக்கு ஊரைக் கூட்டணும்?"

"ஊரை விடுங்க. மேல ஒருத்தர் படிச்சிட்டிருப்பாரே, அவருக்கு எந்த நோட்டீஸ் போடுவீங்க?"

அவன் மடிக்கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் சாப்பிடாமலே கிளம்பிப் போனாள்.

மறுநாள் அத்தான் கூப்பிட்டார். "என்ன மாப்ளே, உன் கடை ஷட்டர் இறங்கியே கிடக்கு? இங்க டீ ஆறிப்போகுது."

"ரெண்டு நாள் அத்தான். வேலை நடக்குது."

"உங்க அக்கா இருந்தா, 'உன் ரெண்டு நாள்னா காலண்டர்ல எத்தனை நாள்டா'ன்னு கேட்டிருப்பா." சிரித்தார். அந்தச் சிரிப்பு அவன் காதில் நெருப்பாக இறங்கியது.

புதன், வியாழன், வெள்ளி. சர்வர்காரர்கள் 'அழித்தது அழித்ததுதான்' என்று மரியாதையாக எழுதினார்கள். தேடுபொறிகளின் பழைய பிரதிகளைத் துழாவினான். குழு உறுப்பினர்களுக்கு மட்டுமானது என்று அவனே கதவைச் சாத்தி வைத்திருந்ததால் அங்கே முகப்புப் பக்கம் மட்டும் இருந்தது. அழிந்த கோப்புகளை மீட்பதில் கெட்டிக்காரனான பழைய சகா ஒருவன், எல்லோரும் 'சோடாபுட்டி' என்று கூப்பிடுகிறவன், மூன்று நாள் முயன்றுவிட்டு வெள்ளி மாலை கூப்பிட்டான்.

"டேய், அந்த இடத்துல வேற யாரோட டேட்டாவோ ஏறிடுச்சுடா. எலும்புகூட இல்லை. விட்டுடு."

"இன்னொரு தடவை…"

"செத்தவனுக்கு எத்தனை தடவைடா நாடி பிடிக்கிறது?"

அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். 'கடவுளே, ஒரு பக்கமாவது கொடு' என்று கேட்டான். ஒரு பக்கத்தில் 'பத்திரம்' என்று பொய்யை ஒட்டிவைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் அவரிடம் கேட்பது அவனுக்கே கூச்சமாக இருந்தது. குழாயை மூடினான்.

சனிக்கிழமை பத்தரைக்குப் பணிமனைக்குப் போனான். டீசல் வாடையும் கழுவின பஸ்களிலிருந்து சொட்டும் தண்ணீருமாக இருந்தது. தன் வண்டியின் டிரைவர் சீட்டில் அத்தான் உட்கார்ந்திருந்தார். டாஷ்போர்டின் மேல் டீ கிளாஸ், கையில் போன். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா வா, முதலாளியே நேர்ல வந்துட்டாரு. திறந்தாச்சா?"

முதல் சீட்டில் உட்கார்ந்து, இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னான். கறுப்பு ஜன்னல்கள், காலி டப்பாக்கள், எல்லாம். தன்னைக் காப்பாற்றும் வார்த்தை ஒன்றையும் சேர்க்கவில்லை.

அத்தான் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"எல்லாமா?"

"எல்லாம் அத்தான்."

"உங்கம்மாவோட கடைசி நாளைப் பத்தி அவ எழுதினது?"

"அதுவும்."

அத்தான் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே இருந்தார். டீயில் ஆடை கட்டியது. "மத்தவங்களுக்குத் தெரியுமா?"

"இல்ல. பத்திரமா இருக்குன்னு போட்டிருக்கேன்."

"இறங்கு."

"அத்தான்…"

"இறங்குடான்னா!" குரல் உடைந்தது. அவன் படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து கத்தினார். "வண்டி நடுரோட்டுல நின்னா நான், 'இதோ கிளம்பிடும், உட்காருங்க'ன்னு சொல்ல மாட்டேன்டா! சொன்னா ஜனங்க அடுத்த வண்டியையும் விட்டுடுவாங்க. நின்னுபோச்சுன்னு சொல்லிடுவேன். நாலு பேர் திட்டுவான். நாலு பேர் இறங்கித் தள்ளுவான். உனக்கு அதுகூடத் தெரியாதா?"

வண்டி புறப்பட்டுப் போயிற்று.

பணிமனைக்கு எதிரே இருந்த நிழற்குடையில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து அவன் எழுதினான். 'பதிவுகள் பத்திரமாக இல்லை. நான் அழித்துவிட்டேன். பேக்கப் இரண்டரை வருஷமாகக் காலியாக இருந்தது. நான் ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை உங்களிடம் பொய் சொன்னேன். இனி தேட எனக்கு வழி தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. மேஸ்திரி.' மூவாயிரம் பேருக்கும் அனுப்பினான்.

கால் மணி நேரத்தில் பதில்கள் வந்தன. 'வேலை தெரிஞ்சவன்னு நம்பினோமே.' 'எங்கப்பா கடைசியா சொன்னதை அங்கதான் எழுதி வச்சிருந்தேன். இப்ப நான் எங்க போய்ப் படிப்பேன்?' நியாயம்தான். ஒவ்வொன்றையும் முழுசாகப் படித்தான். அடுத்ததைத் திறந்தான். ஒரே வரி.

'நீங்க சாப்பிட்டீங்களா?'

அதற்கடுத்ததும் அதேதான். அதற்கடுத்தது, 'திட்டணும்னுதான் உட்கார்ந்தேன். முதல்ல சாப்பிட்டீங்களா சொல்லுங்க, அப்புறம் திட்டறேன்.' யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பேசிக்கொள்ள இருந்த இடத்தைத்தான் அவன் அழித்துவிட்டானே. அக்கா கற்றுக்கொடுத்ததை அவரவர் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். கண்ணை மறைத்த நீரில் எழுத்துகள் நனைந்து தெரிந்தன. செவ்வாய்க்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

போன் அடித்தது. ஒரு பெண் குரல், மூச்சிரைக்க. "தம்பி, நான் ஜன்னல்சீட் பேசறேன்."

குழுவின் ஆரம்ப காலத்து ஆள். பக்கவாதத்தில் விழுந்த கணவரைப் பதிமூன்று வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவர்.

"அக்கா, நான்…"

"இருங்க தம்பி, நான் சொல்லிடறேன். என்கிட்ட மெயில்ல இருக்கு."

"என்ன இருக்கு?"

"பதிலெல்லாம்! எங்க வீட்ல நெட் சரியா வராது, தளம் திறக்காதுன்னு ஒருதடவை அழுதேனே. பகல் டூட்டி உங்களைப் பிடிச்சு உலுக்கி, பதில் முழுசும் மெயில்லயே வர்ற மாதிரி செய்ய வச்சாங்களே, ஞாபகம் இல்லையா?"

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய விஷயம். 'ஒருத்தருக்காக ஒரு வசதியா? வேற வேலை இல்லையா?' என்று அவன் சலித்துக்கொண்டான். 'அரை மணி நேர வேலைடா, பண்ணிக்கொடு. மவராசனா இருப்பே' என்றாள் அக்கா. ஒரு சின்னக் கட்டம் வைத்தான். அதில் டிக் அடித்தால் குழுவில் வருகிற எல்லாப் பதில்களும் முழுசாக மின்னஞ்சலில் போகும். அந்த மாதமே அதை மறந்துவிட்டான்.

அவன் எழுந்து நின்றுவிட்டான். "எல்லாம் இருக்காக்கா? ஒன்பது வருஷமும்?"

 மறுமுனையில் அழுகை. "மெயில்பெட்டி நிறைஞ்சுபோச்சுன்னு வந்துட்டே இருந்துச்சு தம்பி. எதுக்கும் இருக்கட்டும்னு நான்தான் அழிக்காம வச்சிருந்தேன். புதன்கிழமை உங்க நோட்டீஸைப் பார்த்தேன். 'எல்லாப் பதிவுகளும் பத்திரம்'னு நீங்களே போட்டிருந்தீங்க. அப்புறம் எனக்கெதுக்கு ரெண்டாவதா ஒண்ணுன்னு பழசுலேருந்து அழிச்சிட்டு வந்தேன். அவருக்குப் பக்கத்துல உட்கார்ந்து, தினம் கொஞ்சம் கொஞ்சமா. குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன். இப்ப உங்க கடிதம் வந்ததும் கையை எடுத்துட்டேன். நாலு வருஷத்தோடது போச்சு தம்பி. பாவி நான்."

"நீங்க இல்லக்கா" என்றான். "நான்."  செவ்வாய்க்கிழமையே உண்மையைச் சொல்லியிருந்தால் ஒன்பதும் கிடைத்திருக்கும்.

தன் வாழ்நாளில் இனி எத்தனை பேர் மன்னித்தாலும் இந்தக் கணக்கு நேராகாது என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே, நிழற்குடையில் நின்று, ஜன்னல்சீட்டுக்கு, மிச்ச மெயில்களை எந்தப் பட்டனை அழுத்தி அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான்.

அந்தக் கட்டத்தில் டிக் அடித்த வேறு சிலரும் திங்கட்கிழமைக்குள் கூப்பிட்டார்கள். அவர்களிடம் இருந்ததும் அண்மையவைதான். பழைய வருஷங்கள் வரவில்லை. அம்மாவின் கடைசி நாள் அந்தப் பழைய வருஷங்களில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை டீ நேரத்துக்குப் பணிமனைக்குப் போனான். அத்தான் 'வா' என்று சொல்லவில்லை, 'போ' என்றும் சொல்லவில்லை. மீட்டதில் ஒன்றைத் தாளில் எடுத்து வந்திருந்தான். கொடுத்தான். அக்கா யாருக்கோ எழுதியது.

'படுக்கை விரிப்பு மாத்தும்போது அவர்கிட்ட மன்னிப்புக் கேக்காதீங்க. கேட்டா, தான் பாரம்னு அவருக்குத் தோணிடும். ஏதாவது கதை பேசுங்க. பக்கத்து வீட்டுச் சண்டை இருந்தா ரொம்ப விசேஷம். இல்லேன்னா நீங்களே ஒண்ணை மூட்டிவிடுங்க.'

அத்தான் இரண்டு தரம் படித்தார். சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. தாளை மடித்து மேல்பையில் வைத்தார். கிளாஸில் இருந்த டீயில் பாதியைப் பிளாஸ்க் மூடியில் ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினார்.

"அம்மாவைப் பத்தினது கிடைக்கலைல்ல?"

"இல்ல அத்தான்."

"மூணு வருஷமா வாரம் ஒருதரம் அதைத்தான் திருப்பித் திருப்பிப் படிச்சேன்." அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். "எழுதிக்கிறியா?"

அவன் மடிக்கணினியைத் திறந்தான். மேலே, 'பகல் டூட்டி எழுதியது. அவள் கணவருக்கு நினைவிருந்தபடி' என்று முதலில் அடித்தான். இனி அவன் தளத்தில் எதுவும் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகச் சொல்லாது.

அத்தான் ஆரம்பித்தார். மெதுவாக, அக்கா பேசுகிற தாளத்திலேயே. கட்டில் நம்பர் எட்டு. ஜன்னல் பக்கம் வெயில். அம்மா தண்ணீர் கேட்டது. நர்ஸ் வந்து, 'துணைக்கு யாரு?' என்று கேட்டது. அதற்கு அம்மா கண்ணைத் திறந்து…

அத்தான் நின்றார். நெற்றியைத் தேய்த்தார். உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை.

"அம்மா ஏதோ சொன்னாங்கன்னு எழுதியிருந்தா மாப்ளே. ஒரே வரி. வர மாட்டேங்குது."

அவன் காத்திருந்தான். பணிமனையில் மணி அடித்தது. அத்தானின் வண்டிக்கு நேரம்.

"நானா ஒண்ணு சொல்லட்டுமா?"

"வேண்டாம் அத்தான்" என்றான். அந்த வரியின் இடத்தைக் காலியாகவே விட்டு, அடுத்த வரியில் விரலை வைத்தான். "அதுக்கு அப்புறம் என்ன?"