மூக்கன் அழிபடாத படம்

தர்மபுரத்தில் போன ஆவணிக்குப் பிறகு எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் மூக்கன் நிற்கிறார். அடையாள அட்டைப் படங்களில் தோளுக்குப் பின்னால், பிறந்தநாள் படங்களில் கேக்குக்குப் பக்கத்தில், பட்டுவேட்டி சால்வையோடு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி. ஆள் செத்துப்போய் ஆவியாக வரவில்லை. அந்தப் படங்கள் எடுக்கப்படும் நேரத்தில் அவர் யாருடைய வயலிலாவது வரம்பு கட்டிக்கொண்டிருப்பார்.

இதற்குக் காரணம் அக்கராயன் ஊர் விமலேஸ்வரி. அவருடைய மகன் லக்ஷன், மூக்கனின் மகள் சுமித்திராவை விரும்பிக் கட்டினான். மூக்கனின் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர். விமலேஸ்வரியின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரையும் வயல்காணியையும் தேடி வந்தவர். இரண்டு பேரும் வந்தவர்கள்தான். ஆனால் விமலேஸ்வரி வீட்டார் மூக்கன் வீட்டாரைத் தோட்டக்காட்டார் என்று இளக்காரமாகச் சொல்வார்கள். கலியாணத்தன்று வாய் திறக்காத விமலேஸ்வரி, ஆல்பம் செய்யும்போது தர்மபுரத்து ஸ்ரூடியோவுக்கு வந்து கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கன்னிகாதானப் படத்தில் மூக்கன் மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் பிடித்துக் கொடுக்கிறார். "தம்பி, அந்தாளை எடுத்துப்போட்டு எங்கட அண்ணையை அதில வையுங்கோ. கனடாவில இருக்கிற சனம் பாக்கப்போகுது" என்றார். இதைச் சொல்ல அந்த அம்மாவுக்கு நாக்குக் கூசவில்லை. ஸ்ரூடியோக்காரன் சாருஜன் "ஓம் அன்ரி" என்றானே, அவனையும் சும்மா விடக்கூடாது.

அழித்த இடத்தில் முதலில் சாம்பல், வெள்ளைச் சதுரங்கள் தெரிந்தன. பிறகு அந்தச் சதுரங்களுக்குள்ளிருந்து மூக்கன் வந்தார். சாருஜன் மென்பொருளை மூடித் திறந்தான், கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் துடைத்துப் போட்டான், மென்பொருளையே நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினான், கிளிநொச்சிக்குப் போய் வேறு திரை வாங்கி வந்தான். கோளாறு கொம்பியூட்டரில்தான் என்று கடைசிவரை நம்பினான். செய்கிற வேலையே கோளாறு என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. ஒருவழியாக மூக்கன் போனார். அந்த இடத்தில் அண்ணனை ஒட்டியதும், படத்திலிருந்த சுமித்திரா கையை உருவி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். மவுசால் இழுத்துப் பார்த்தான், வரவில்லை. அந்தக் கோலத்திலேயே ஆல்பம் அச்சாகி அக்கராயனுக்குப் போனது. துரத்தப்பட்ட மூக்கன் மற்றவர்களுடைய படங்களில் ஏறத் தொடங்கியது அந்தக் கிழமைதான்.

ஆல்பத்தைப் பார்த்த சுமித்திரா அழவில்லை, கொதித்தாள். "மாமி, எங்கட அப்பா பிடிச்சுத் தராமல் நான் இந்த வீட்டுக்கு எப்பிடி வந்தனான்? அவர் அந்தப் படத்துக்குத் திரும்பி வரட்டும், நானும் வாறன்" என்று சொல்லிவிட்டுத் தர்மபுரத்தில் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். லக்ஷனும் பின்னாலேயே போனான். மூக்கனோ "விடு பிள்ளை, படம்தானே" என்றார். இப்படி விட்டுக்கொடுத்தே பழகிப்போன மனிதரைத்தான் அழித்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஆளில்லாத வீட்டில் விமலேஸ்வரி நிமிர்ந்து பார்த்தது, சுவரில் மாட்டியிருந்த தன்னுடைய கலியாணப் படத்தை. கறுப்பு வெள்ளைப் படம், எந்தக் கொம்பியூட்டரும் தொடாதது. அதில் அவருடைய தகப்பனைக் காணவில்லை. விமலேஸ்வரியின் கையைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டு நின்றவர் மூக்கன். கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தார். மூக்கன் இன்னும் துலக்கமாகத் தெரிந்தார்.

விடிந்ததும் பஸ் ஏறித் தர்மபுரம் போனார். மூக்கனின் வாசலில் நின்று, அதுவரை அழைத்திராத முறையில் அழைத்தார். "சம்மந்தி, உங்கட இடத்தில நீங்களே நில்லுங்கோ. என்ர அப்பாவை எனக்குத் தாங்கோ." மூக்கனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்.

சாருஜன் பழைய படத்தையே மறுபடி அச்சடித்தான். அதில் மூக்கன் நின்றார், சுமித்திராவின் கை லக்ஷனின் கையில் இருந்தது. அவள் அக்கராயனுக்குத் திரும்பினாள். சுவர்ப் படத்தில் தகப்பன் வந்துவிட்டார், ஆனால் பக்கத்தில் நின்ற மூக்கன் போகவில்லை. கனடாவிலிருந்து அவர் யாரென்று கேட்டால் விமலேஸ்வரி "எங்கட சம்மந்தி" என்கிறார். தர்மபுரத்தில் இப்போது குடும்பப் படத்துக்கு நிற்பவர்கள், ஓரத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நிற்கிறார்கள்.