கடாவர் என்ற சொல்லுக்கு ஒரு டார்லீன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மனுஷரிடமிருந்து வரவில்லை, அகராதியிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஓமாஹா நகர நூலகத்தில் பனிக்கு ஒதுங்கியவன் சும்மா பக்கம் புரட்டினேன். கடாவர். மருத்துவக் கல்லூரி மேசையில் கிடக்கும் பிணத்துக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். லத்தீனில் 'விழு' என்ற வினையிலிருந்து பிறந்ததாம். விழுந்தவர்! அடேயப்பா, எனக்குக் கை பரபரத்தது. அதற்குக் கீழேயே இன்னொன்று: அந்தக் காலத்தில் யாரோ மூன்று லத்தீன் சொற்களின் தலையை வெட்டி ஒட்டி, 'புழுக்களுக்குக் கொடுத்த சதை' என்று ஒரு விளக்கம் கட்டிவிட்டார்கள். சுத்தப் புளுகு.* ஆனால் எனக்குப் புளுகுதான் இன்னும் பிடித்தது. அதை நம்பி ஒருத்தி மனசு வெந்துபோனால்?

(* சிரிக்காதீர்கள். சொல் தடம் மாறுவது நமக்கும் உண்டு: 'பாடி வந்தாச்சா' என்று நம் ஊரில் கேட்டால், உயிரோடிருப்பவரையா தேடுவார்கள்?)

2

தொடக்கம்: 'ஃபார்மலின் வாடை மூக்கைத் துளைக்க, மேரன் மெல்லக் கத்தியை...' வேண்டாம். இதை எல்லோரும் எழுதியாயிற்று.

இன்னொரு தொடக்கம்: மே மாதம், கல்லூரிக் கூடம். உடல் கொடுத்த குடும்பங்களுக்கு மாணவர்கள் நன்றி சொல்லும் நாள். வருஷம் பூரா அறுத்துப் படித்தவரின் பெயர் அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். தட்டு நிறைய கசகசா வைத்த கொலாச்சி ரொட்டியோடு டார்லீன் ஹ்ரூஸ்கா வந்து நிற்கிறாள். (வந்துவிட்டாள்! தட்டைப் பார்த்ததும் எனக்கே நம்பிக்கை வந்தது.) புருஷன் வெர்னன், பால் பண்ணைக்காரர். சாகுமுன் தன் உடம்பைத் தானே கல்லூரிக்கு என்று சொல்லிவைத்தவர். நாத்தனார்தான் அந்தப் புழு விளக்கத்தை எங்கோ படித்துவந்து டார்லீன் காதில் போட்டாள். கல்லூரி எரித்துக் கொடுத்த சாம்பலை நாளைக்கு அவர்கள் ஊரான வில்பரில் புதைக்கிறார்கள். தன் மனுஷனைக் கல்லூரியில் என்னவாக வைத்திருந்தார்கள் என்று அதற்குள் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

3

மேரன் வெர்னன் கிடந்த மேசையில் படித்த மாணவி. எனக்கு இவள்மேல்தான் சந்தேகம், ரொம்ப நல்ல பெண்ணாக வருகிறாள். ஒரு குற்றம் கொடுத்துப் பார்க்கிறேன். முதல் நாள் பயம் வெளியே தெரியாமலிருக்க, முகம் மூடிக் கிடந்த அந்த உடலுக்கு 'தூங்குமூஞ்சி' என்று பட்டப்பெயர் வைத்தாள். அப்படி வைக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வருஷம் பூரா அந்தப் பெயரே ஓடியது.

இப்போது மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறாள்: வெர்னன்தான் எங்கள் முதல் நோயாளி.

"நோயாளியா? அந்த மனுஷன் டாக்டர் வாசப்படிய மிதிச்சதே இல்லம்மா."

முதல் ஆசிரியர் என்று மாற்றிப் பார்க்கிறாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் என்கிறாள் டார்லீன்.

"மேடையில பேசறத விடு. உங்களுக்குள்ள அவர என்னன்னு கூப்பிட்டீங்க? கடாவர்னுதானா?"

4

முடிவு அ: 'ஐயான்னுதான்' என்று மேரன் பொய் சொல்கிறாள். அடித்துவிட்டேன். பொய் சொல்லும் முகத்தை டார்லீன் கண்டுபிடித்துவிடுவாள்.

முடிவு ஆ: நானே கதைக்குள் புகுந்து, புழுவெல்லாம் இல்லை அம்மா, விழுந்தவர் என்று லத்தீனைக் கொட்டுகிறேன். எவ்வளவு ஆசையாக எழுதினேன் தெரியுமா! டார்லீன் ஒரு பெருமூச்சு விடுகிறாள், நன்றி சொல்கிறாள், மறுபடி மேரனையே பார்க்கிறாள். என் லத்தீன் அவளுக்குப் போதவில்லை.

முடிவு இ: மேரன் சொல்லிவிடுகிறாள்: "தூங்குமூஞ்சின்னு."

டார்லீன் தட்டை இன்னும் பிடித்திருக்கிறாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து பாத்திருக்கேன். இருட்டுலயே மாட்டுக்கிட்ட போயிடுவாரு. காய்ச்சல்லகூட ஒரு நாள் விடிஞ்சு எந்திரிச்சதில்ல." தட்டைக் கீழே வைக்கிறாள். "தூங்கட்டும்."

'என்றாள் டார்லீன், குரல்...' 'என்றாள், சிரித்தபடி...' 'என்று வெடித்...'

எந்தக் குரலில் என்று என்னால் எழுத முடியவில்லை. 'தூங்கட்டும்' என்ற அந்த ஒரு சொல்லை நீங்கள் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்கள் குரல் எப்படி வருகிறதோ, அப்படித்தான் டார்லீன் நாளைக்கு வில்பருக்குப் போவாள்.